பிடரியில் விழுந்த பார்வை

ஆரணியை ஒட்டிய சேவூரில் பிறந்த எழிலரசிக்கு, அவளுடைய தம்பி அருள்ராஜை உலகத்தின் எந்த மூலையில் யார் பார்த்தாலும் பிடரியில் தெரியும். தம்பி பிறந்த அன்று, தாதி துணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்த நொடியில் இது தொடங்கியது. அப்போது அவளுக்கு ஆறு வயது. சிலருக்கு இடதுகைப் பழக்கம் இருப்பதுபோல் இவளுக்கு இது என்று தெருக்காரர்கள் பெரிதுபடுத்தாமல் விட்டுவிட்டார்கள். அம்மா பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். வாத்தியார் பார்த்தால் சுள்ளென்று ஒரு குத்து. நடவுக் கூலிக்குப் போன அப்பா காத்தவராயனின் பின்னால் நின்ற பையனை நிலத்துக்காரர் மேலும் கீழும் பார்த்தபோது, இரண்டு மைல் தள்ளிப் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்குப் பிடரி எரிந்து கொப்புளம் கண்டது. எந்தப் பார்வையானாலும் அதற்குள் மெல்லிய துடிப்பு ஒன்று இருக்கும். அது தம்பியின் நாடி என்பதை அவள் தன் மணிக்கட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமலேயே தெரிந்துகொண்டாள்.

அருள்ராஜ் நன்றாகப் படித்தான், தேர்வுகளில் தேறினான், போர் விமானம் ஓட்டப் போனான். எழிலரசி 1992இல் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்டிடி பூத் வைத்தாள். பட்டு வியாபாரிகள் பெங்களூருக்குப் பேசி நூல் விலை கேட்டுக்கொள்வார்கள். அந்த வருஷங்களில் அவள் பிடரியில் புதிதாக ஓர் ஊறல் வர ஆரம்பித்தது, எறும்பு வரிசை ஏறி இறங்குவதுபோல. லீவில் வந்த தம்பி அதைக் கேட்டுச் சிரித்தான்.

"அது ரேடார்க்கா. என்மேல பட்டா பிளேன்லயே ஒரு மெஷினு கத்தும். அதுக்கெல்லாம் பயப்படாத. ரேடார்ல நான் வெறும் புள்ளி. யாரு புள்ளின்னு அவனுக்குத் தெரியாது. நம்மாளா, அவங்காளா, ஜனங்கள ஏத்திகினு போற பிளேனான்னு கிட்ட வந்து கண்ணால பாத்துட்டுதான் சுடணும், அதான் ரூலு. அவன் கிட்ட வந்தா நானும் அவன பாத்துருவேன்ல?"

அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருந்ததால் எழிலரசி ஏழு வருஷம் நிம்மதியாக இருந்தாள். ஊறல் வந்தால் சொறிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள்.

2001 கார்த்திகையில் அவன் வந்தபோது சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, இப்போது விமானத்தில் நீளமான லென்ஸ் வைத்த கேமரா வந்துவிட்டது என்றான். முப்பது மைல் தூரத்தில் போகும் விமானம் எந்த ஜாதி, இறக்கைக்கு அடியில் எத்தனை ஏவுகணை தொங்குகிறது என்று எண்ணிவிடலாம். கிட்ட வர வேண்டியதில்லை. யார் என்று தெரிந்துவிட்டால் அங்கிருந்தே சுடலாம்.

"அப்ப உன் மெஷினு கத்தாதா?"

"பாக்கறதுக்கு ஏதுக்கா சத்தம்? அதுலேந்து எதுவும் வெளிய வராது. சும்மா பாக்கும், அவ்ளோதான். பாத்துகினு இருக்கான்னே எனக்குத் தெரியாது." தண்ணீர் குடித்துவிட்டு அவனே சொன்னான்: "என் பிளேன்லயும் வெச்சிருக்காங்க. நானும் ஒருத்தன பாத்துகினுதான் இருக்கேன். அவன் பாட்டுக்குப் போயினு இருக்கான். பாவமா இருக்குது."

அடுத்த வருஷம், எல்லையில் இரண்டு பக்கமும் படை நின்றிருந்த மாசி மாதத்து முற்பகல் ஒன்றில் அது வந்தது. ஊறல் இல்லை, எரிச்சல் இல்லை. டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததுபோல் வட்டமாக, சில்லென்று, அசையாமல் பிடரியில் உட்கார்ந்தது. இமைக்கவில்லை. எழிலரசி பூத்தில் இருந்த இரண்டு போன்களில் ஒன்றை எடுத்துத் தம்பியின் விமானத் தளத்துக்குப் போட்டாள். அவர் பறந்துகொண்டிருக்கிறார், இறங்கியதும் சொல்கிறோம் என்றார்கள். பதினோரு நிமிஷம் இருந்துவிட்டு வட்டம் தானாகப் போனது. இறங்கிய அருள்ராஜுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அன்று பட்டு நூல் கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு வாரத்தில் நான்கைந்து நாள் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வராது. எப்போதும் ஒரே ஆள்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. பார்வை முதலில் சற்று இடப்பக்கம் விழுந்து, பிறகுதான் நடுவுக்கு வரும். அவன் விரல் எதன்மேல் இருக்கிறது என்பதுதான் தெரியாது. சண்டை என்று மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். எழிலரசி மஞ்சள் பற்றுப் போட்டாள், கூந்தலைத் தழையத் தழையப் பின்னி மறைத்தாள், துண்டைச் சுற்றிக்கொண்டாள். வட்டம் எல்லாவற்றையும் ஊடுருவி வந்தது. முகம் தெரியாத அவனை, கண் அவிஞ்சு போவ என்று தினமும் திட்டினாள். படைகள் திரும்பிப் போன பிறகும் அவன் பார்ப்பதை நிறுத்தவில்லை.

2004 சித்திரையில் ஒரு நாள், மணி ஒன்றரை. வட்டம் பிடரியில் இருக்கும்போதே திடுக்கென்று சரிந்து முதுகுத்தண்டு வழியாக இடுப்புவரை இறங்கிற்று. கழுகு ஒன்று இன்ஜினுக்குள் போய்விட்டது என்பதும், அருள்ராஜ் பாராசூட்டில் குதித்தான் என்பதும் பிறகு தெரிந்த விஷயங்கள். அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், வட்டம் இடுப்பில் நின்றுவிட்டது, உள்ளே துடிப்பு இருக்கிறது என்பதுதான். தளத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் கும்பகோணத்துக்காரர், தருமன் என்று பெயர் சொன்னார்.

"உயிரோடதான் இருக்கான் சார். கீழ விழுந்து கெடக்கான். மேலேந்து ஒருத்தன் பாத்துகினே இருக்கான்."

"யாரும்மா பாக்கறது?"

"அந்தப் பக்கத்து ஆளு."

"இது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று தருமன் மெதுவாகக் கேட்டார். சீக்கிரம் ஆள் அனுப்புங்கள் என்றாள். தளத்தில் மணற்காற்று அடிப்பதால் ஹெலிகாப்டர் கிளம்ப முடியவில்லை என்று மட்டும் அவர் சொன்னார்.

இரண்டேகாலுக்கு வட்டம் போய்விட்டது. எழிலரசி பூத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாகப் போ, போ என்று சபித்தவள், "வாடா, வந்து பாருடா, கண்ண எடுக்காதடா" என்று கெஞ்ச ஆரம்பித்தாள். மூன்று மணிக்கு அவன் எரிபொருள் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தான். மறுபடி போனான், மறுபடி வந்தான். இப்படி மூன்று தடவை. தம்பி கிடந்த இடம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது, தளத்தில் யாருக்கும் தெரியவில்லை. எழிலரசி பதினேழு முறை போன் போட்டாள். ஐந்து நாற்பதுக்குத் துடிப்பு நின்றது. பார்வை மட்டும் எடுபடவில்லை. வெளிச்சம் போகும்வரை அது அங்கேயே இருந்தது.

மறுநாள் காலையில் கண்டெடுத்தார்கள். இறப்புச் சான்றிதழில் கண்டெடுத்த தேதியைத்தான் போட்டிருந்தார்கள். எழிலரசி அதைத் திருத்தச் சொல்லவில்லை. சேவூரில் அடக்கம் செய்த பத்தாம் நாள், இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து, அந்தப் பக்கத்து விமானம் அங்கே இருந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று விசாரித்தார்கள். அவள் பிடரியைக் காட்டினாள். மூத்தவர் அப்படியே எழுதிக்கொண்டார், டீ குடித்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆவணியில் வட்டம் மீண்டும் வந்தது. துடிப்பு இல்லை. முதலில் சற்று இடப்பக்கம், பிறகு நடுவில். தம்பி விழுந்த மணல்மேட்டை அவன் பார்க்கிறான் என்று அவள் எல்லோரிடமும் சாதாரணமாகச் சொன்னாள். மாதத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை வரும். வந்தால் எழிலரசி ரிசீவரை வைத்துவிட்டு, கூந்தலை வாரித் தூக்கி உச்சியில் முடிந்துகொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். அப்போது யாரும் அவளிடம் நம்பர் சொல்வதில்லை. நூல் வியாபாரி மாணிக்கவேல் எவ்வளவு அவசரமாக வந்திருந்தாலும் செருப்பை வெளியே விட்டு பெஞ்சில் உட்காருவார்.

"பாத்து முடிக்கட்டும்மா," என்பார். "நூலு வெல எங்க ஓடிறப் போவுது."