கறை படியாத மஞ்சள்

தேவயானி முகம் கழுவ எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மற்றவர்கள் ஒரு குடும்பத்துக்கே சமைத்து இறக்கிவிடுவார்கள். அவள் சமைத்துப்போட வீட்டில் ஆள் இல்லை, அது வேறு விஷயம். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, நிழலில் காயவைத்த ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாவற்றையும் மிஷினில் கொடுத்து அரைத்து, சலித்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்து வைத்திருப்பாள். அதில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள் சேர்த்து, புளிக்காத தயிரில் குழைக்க வேண்டும். கழுத்திலிருந்து மேல்நோக்கித்தான் பூச வேண்டும், கீழ்நோக்கி இழுத்தால் சதை தொங்கிப்போகும் என்பது அவள் கட்சி. முழுக்கக் காயவிடாமல் ஈரம் இருக்கும்போதே தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதையெல்லாம் அவள் பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் செய்வாள்.

பயத்தம் மாவுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சள்தான் வில்லங்கம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புருஷன் போனவள் முகத்தில் மஞ்சள் பூசக்கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பார்க்கிற பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் வசந்த்குமார் நெஞ்சுவலியில் போய் இரண்டு வருஷமாகிறது. கருமாதியன்று பெண்கள் கூடி அவள் முகம் நிறைய மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் முகத்தை இன்னொரு மனுஷர் கை தொட்டதில்லை.

கம்பெனியிலும் அதே கதைதான். பிஸ்கட் பேக்கிங் வேலை. வேனில் ஏறும்போதே மாஸ்க், உள்ளே போனதும் தலைக்குத் தொப்பி. ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பக்கத்தில் நிற்கிறவளுக்குக்கூட அவள் கண் மட்டும்தான் தெரியும். “யாருக்காவடி இந்த மூஞ்சிய இப்டிப் பாத்துக்கினு கீற?” என்று சில நாள் கண்ணாடியைப் பார்த்து அவளே கேட்டுக்கொள்வாள். ஆனால் பூசும்போது உள்ளங்கையின் சூடு கன்னத்தில் ஏறும். அந்தச் சூட்டுக்காகத்தான் அவள் அன்றன்றைக்கு எழுந்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

இத்தனை நாள் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் கஸ்தூரி மஞ்சள். அசல் கஸ்தூரி மஞ்சள் மஞ்சளாகவே இருக்காது. சந்தனம் மாதிரி வெளுத்து, மூக்கருகே கொண்டுபோனால் கற்பூரம்போல வாசனை வரும், தோலில் கறை படியாது. பஜாரில் பாண்டுரங்கன் வைத்திருக்கும் நாட்டு மருந்துக் கடையில் கிழங்காகவே வாங்கி அவளே இடித்துக்கொள்வாள். அந்த வாரம் பார்த்து அவர் கடையைச் சாத்திக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாந்தினிக்கு மஞ்சள் நீராட்டு. சாந்தினி என்றால் நாத்தனார் கீதாவின் ஒரே பெண். தாய்மாமன் இருந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பான். இப்போது மாமன் வீட்டுச் சீரைத் தேவயானிதான் கொண்டுபோக வேண்டும். வசந்த்குமார் போன பிறகு அவளுக்கென்று போக இருக்கிற ஒரே வீடும் கீதாவின் வீடுதான். அங்கே வருகிற சனங்கள், “பாவம், மூஞ்சி செத்துப்போச்சி” என்று உச்சுக்கொட்டக்கூடாது. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பாண்டுரங்கன் இல்லாததால் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு பாக்கெட் வாங்கினாள். கஸ்தூரி மஞ்சள் என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக, பாத்ரூமின் அழுது வடியும் பல்பு வெளிச்சத்தில் அதைக் குழைத்தாள். கற்பூர வாசனை இல்லையே என்று ஒரு நொடி யோசித்தாள். விசேஷ நாளாயிற்றே என்று சிட்டிகைக்குப் பதில் தாராளமாகவே போட்டு, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் விட்டுவைத்தாள்.

கழுவிவிட்டு வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தாள். சாம்பாருக்குப் போடுகிற மஞ்சளை அழகான பாக்கெட்டில் அடைத்துத் தலையில் கட்டிவிட்டிருக்கிறார்கள். நெற்றி, கன்னம், காதோரம் எல்லாம் நலங்கு வைத்த கல்யாணப் பெண்போல மஞ்சள் பூத்திருந்தது.

சோப்புப் போட்டாள். எலுமிச்சம்பழம் தேய்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்தாள். தோல்தான் சிவந்து எரிந்ததே தவிர, மஞ்சள் அசைந்து கொடுக்கவில்லை. மேலே பவுடர் அடித்துப் பார்த்ததில் இன்னும் கோரமாக இருந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று கட்டிலில் உட்கார்ந்தாள். எதிரே சீர்த் தட்டில் அரக்கு நிறப் பட்டுப் பாவாடை இருந்தது. சாந்தினி பெரிய மனுஷியானால் காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுக்கே போய் எடுக்க வேண்டும் என்று வசந்த்குமார் சொல்லிக்கொண்டே இருப்பான். அவள் போய் எடுத்து வந்திருந்தாள். மாமன் வீட்டுச் சீர் வரவில்லை என்றால் கீதா சபையில் தலைகுனிந்து நிற்க வேண்டும். கம்பெனி மாஸ்க் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, தட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு சாலவாக்கம் டவுன் பஸ்ஸைப் பிடித்தாள்.

பந்தல் வாசலில் கீதாவின் மாமியார் ராணியம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கீதாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே தாலியறுத்தவள். வீட்டு விசேஷங்களில் அவள் இடம் எப்போதும் வாசல்தான். வாசலில் இருந்தபடியே உள்ளே நடக்கிற எல்லாவற்றையும் நடத்துவாள்.

“இன்னாம்மா மாஸ்க்கு? போன கொரோனா திரும்பி வந்துடுச்சா?”

“சளிம்மா. கொழந்தைங்களுக்கு ஒட்டிக்கப் போவுதுன்னுட்டு.”

சமையல்கட்டில் ஒரு மூலையாகப் பார்த்து ஒதுங்கிக்கொண்டாள். பக்கத்திலேயே பித்தளைக் கிண்ணத்தில் நலங்கு மஞ்சள் குழைத்து வைத்திருந்தது. சுமங்கலிகள் அரைத்தது. அதன்மேல் தன் நிழல்கூட விழாதபடி தேவயானி தள்ளியே நின்றாள். யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆனால் வீடியோக்காரன் என்று ஒருவன் இருக்கிறானே. சாந்தினியை மணையில் உட்கார வைத்ததும், “மாமன் வீட்டுச் சீர் குடுக்கறவங்க வாங்க” என்று கூப்பிட்டான். தட்டோடு போய் நின்றாள். “அக்கா, மாஸ்க்க எடுங்கக்கா. நாளைக்கு ஆல்பத்துல பாத்தா யாருன்னே தெரியாது” என்றான். அவள் தலையாட்டி மறுத்தாள். தட்டை வாங்க எழுந்த சாந்தினி, “எடு அத்த, போட்டோல நல்லா இருக்கணும்ல” என்று அவள் காதில் மாட்டியிருந்த கயிற்றை விளையாட்டாகக் கழற்றிவிட்டாள்.

ஃபோகஸ் லைட் நேராக முகத்தில் அடித்தது. முன்வரிசைப் பெண்களின் பேச்சு அப்படியே நின்றது. யாரோ ஒருத்தி, “ஐயையே, மஞ்சா பூசிக்கினு வந்துகீது பாரேன்” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது பந்தலுக்கே கேட்டது.

கீதா ஒரே எட்டில் வந்து தேவயானியின் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “இன்னா அண்ணி இது, இன்னிக்குப் பாத்து” என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவள் கன்னத்தைத் துடைத்தாள். ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெற்றி, காதோரம், மூக்கு மடிப்பு என்று குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்தாள். அழுத்தித் துடைத்ததில் எரிந்தது. தேவயானிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் அந்தக் கை எடுபடாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தால் தேவலை என்றிருந்தது. மஞ்சள் போகவே வேண்டாம் என்றுகூட நினைத்தாள்.

ராணியம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். பின்னால் நாலைந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னாடி கீதா இதெல்லாம்?”

“ஒண்ணுமில்ல. நலங்கு மஞ்சா கெட்டியா கீதுன்னு நாந்தான் அண்ணியக் கொழைக்கச் சொன்னேன். கை பட்டு மொகத்துல ஈஷிக்கினு கீது” என்றாள் கீதா. அண்ணியைக் காப்பாற்றுகிற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“இவங்க கை பட்ட மஞ்சாவா?” ராணியம்மாளின் முகம் இறுகியது. “ஏ அம்முலு, அந்தக் கிண்ணத்த எடுத்துக்கினு போயி பின்னால கொட்டு. வேற கெழங்கு எடுத்து அரைங்க. நேரம் போவுது.”

கீதாவின் முகம் வெளுத்துவிட்டது. சொன்னதைத் திரும்ப வாங்க அவளுக்கு வழியில்லை. அம்முலு என்கிற பெண் கிண்ணத்தைத் தூக்கினாள். ராணியம்மாள் அவளுக்கு வழிவிட்டு, தன் புடவைகூடக் கிண்ணத்தில் படாதபடி சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். தேவயானி அதைப் பார்த்தாள். சற்று முன் தானும் அந்தக் கிண்ணத்துக்கு அப்படித்தான் ஒதுங்கி நின்றோம் என்று தோன்றியது. பந்தலில் மணைமேல் தனியாக உட்கார்ந்திருந்த சாந்தினி என்ன ஏதென்று தெரியாமல் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணின் முதல் மஞ்சள், அத்தையின் தீட்டு என்று சாக்கடைக்குப் போகப் போகிறது.

“கொட்டாத” என்றாள் தேவயானி. “நான் அதத் தொடவே இல்ல. கீதா என்னை வுட்டுக்குடுக்காம சொல்றா. இது வூட்ல நானே பூசிக்கினது.”

“யாருக்காவ?” என்று கேட்டாள் ராணியம்மாள். கோபமாகத்தான் கேட்டாள்.

“யாருக்காவயும் இல்லம்மா. டெய்லி பூசறேன். என் மூஞ்சிய என் கைய வுட்டா வேற யாரு தொடறா?”

அம்முலு கிண்ணத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சுமங்கலி வந்து அதைப் பந்தலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். நலங்கு நடந்தது. சாந்தினியின் கன்னத்தில் ஒவ்வொருத்தியாக மஞ்சள் பூசுவதைத் தேவயானி கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. பந்தியில் அவளுக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகவே கிடந்தது. பரிமாற வந்த கீதா அவள் இலைக்கு மட்டும் நிமிர்ந்து பார்க்காமல் போட்டுவிட்டுப் போனாள். சபையில் பொய்க்காரியாக நின்ற கோபம் அது. அது நியாயமான கோபம் என்றே தேவயானி நினைத்தாள். அதனால் வலி குறைந்துவிடவில்லை. இருந்த ஒரு வீட்டையும் இன்றைக்கு மூடிவிட்டோம் என்று பாயசத்தை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போதும் கீதா வெளியே வரவில்லை. தாம்பூலப் பையை ராணியம்மாள்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ் நிறுத்தம் பந்தலுக்கு எதிர்ப்புறமே. இரண்டு பேரும் பஸ்ஸுக்காக நின்றார்கள்.

“எரியுதா?” என்று கேட்டாள் ராணியம்மாள்.

“கொஞ்சம்.”

“டெய்லி பூசறன்னியே, எப்டி ஒருத்தர் கண்ணுலயும் படல?”

“கஸ்தூரி மஞ்சா போட்டா கறை புடிக்காதும்மா. இன்னிக்குப் பொடி மாறிப்போச்சி.”

ராணியம்மாள் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, காய்ந்த விரலால் தேவயானியின் கன்னத்தை, எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் தங்கியிருந்த காதோரத்தில், ஒரு தரம் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.

“எங்க கெடைக்கும் அது?”

“பஜாருல. பாண்டுரங்கன் கடையில.”

“எனக்கு இல்ல, சும்மா கேட்டேன்” என்றாள் ராணியம்மாள் அவசரமாக.

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தேவயானி திரும்பிப் பார்த்தாள். ராணியம்மாள் பந்தலுக்குள் போகவில்லை. சாலையோரம் பந்தலில் இருந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேய்த்த விரலை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டு நின்றாள். பஸ் திரும்பும்வரை அந்தக் கை கீழே இறங்கவில்லை.