வாசலில் சொல்லக்கூடாத சொல்

1.
இந்தக் கதை நான் யோசித்ததல்ல. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த வேணி சொன்னது. "எழுதுறதா இருந்தா ஒழுங்கா எழுதுங்க" என்று மிரட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

2.
முதல் தொடக்கம்: ‘லாரி டிரைவர் இளையபெருமாளின் காதில் சொற்கள் உதிர்ந்த மல்லிகையாய்…’

(அடித்துவிட்டேன். மனுஷனுக்கு மூளையில் அடைப்பு. மல்லிகைக்கு அங்கே என்ன வேலை?)

நேராகவே சொல்கிறேன். வேணியின் கணவர் இளையபெருமாளுக்கு மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கைகால் தப்பியது. பேச்சும் நிற்கவில்லை, கடகடவென்று வந்தது, பொருள்தான் இல்லை: "அந்தப் படிய நனைச்சு ஓட்டிடு, கெழக்கால சோறு தூங்குது." பிறர் பேசுவதும் அவருக்கு விளங்கவில்லை. காது போய்விட்டதென்று வேணி பத்து நாள் கத்தித் தீர்த்தார். காதில் ஒரு குறையும் இல்லை என்றது ஆஸ்பத்திரி.

3.
வேணிக்கு லீவு முடிந்தது. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை கேன்டீன் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆனால் "போயிட்டு வரேங்க" என்றால் இளையபெருமாளுக்குக் கடைசிச் சொல் மட்டும் எட்டுகிறது. வேணி வருகிறாள் என்று எதிர்கொள்ளக் கிளம்பி, ஒருமுறை பைபாஸ் வரை நடந்து லாரிகளுக்கு நடுவே நின்றார். அதனால் இப்போது வேணிக்கு ஒரே கேள்வி: வெளியே பூட்டிவிட்டுப் போவதா, திறந்துவிட்டுப் போவதா? பூட்டினால், ஏன் பூட்டினோம் என்று அவருக்குப் புரியவைக்க வழியில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் சிந்து யோசனை சொன்னார்: "நீளமா சொல்லாதீங்கக்கா. ‘போறேன்’னு மட்டும் சொல்லுங்க. கையால காட்டுங்க."

"ஐயையோ, வூட்டு வாசல்ல நின்னு அப்படிச் சொல்வாங்களா? எனக்கு வாய் வராது."

4.
மறுநாள் காலை வாய் வந்தது. பையை மாட்டிக்கொண்டு, தெருவைக் காட்டி, "போறேன்" என்றார் வேணி.

இளையபெருமாளின் முகம் சுருங்கியது. விரலை ஆட்டினார்.

"போயிட்டு வரேன்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

மனைவியின் பெயரையே தொலைத்துவிட்ட மூளை இதை மட்டும் எந்த மூலையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தது? சொல்லை வைத்துப் பிழைக்கும் எனக்குத் தெரியவில்லை.

5.
முடிவு ஒன்று: அவருக்குப் புரிந்துவிட்டது. வேணி திறந்துவிட்டுப் போகிறார்.

முடிவு இரண்டு: அது வெறும் வாய்ப்பழக்கம். (அர்த்தம் தெரியாமலும் வருமாம், சிந்து சொன்னார்.) வேணி பூட்டுகிறார்.

முடிவு மூன்று: அவர் திருத்தவில்லை, தானே விடைபெறுகிறார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு…

(இதை என்னால் எழுத முடியவில்லை.)

"நீங்க என்னங்க செஞ்சீங்க?" என்று பஸ்ஸில் நான் கேட்டதற்கு, "நீங்களா இருந்தா?" என்றார் வேணி.

இப்போது நீங்கள். பஸ் வரும் நேரமாகிவிட்டது, பூட்டு உங்கள் கையில் இருக்கிறது. அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எதைச் செய்தாலும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல் மட்டும் வேண்டாம்.