பட்டினிச் சட்டி

போடிமெட்டுச் சரிவில் நான் வளர்த்த கொசு ஜீப்பின் பானெட்டில் உட்கார்ந்தால் முன்சக்கரம் அழுந்தும். கொண்டை ஊசி வளைவில் அது உள்பக்கமாகச் சாய்ந்து கொடுத்ததால்தான் வண்டி கவிழாமல் திரும்பியது. இதை அன்றைக்கே தோட்டமெல்லாம் சொல்லித் திரிந்தேன். எல்லோரும் வாய்பிளந்தார்கள். கடிவாளம் போட்டீரா என்று கேட்டவள் ராக்கு ஒருத்திதான். ஏலத்தோட்டத்து ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் நான் மலேரியாப் பிரிவின் தற்காலிகக் கொசுக்காரன். இரண்டு மண்சட்டிகளில் கொசுப்புழு வளர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுக்குத் தவிட்டுப்பொடி தாராளம். மற்றதற்கு வெறும் ஊற்றுத்தண்ணீர். தின்று கொழுத்த புழு பெரிய கொசுவாகும், நெடுநாள் இருக்கும், முட்டையிட்டுத் தள்ளும். காய்ந்தது குன்றிப்போய் வெரசாகச் சாகும். அந்த வித்தியாசத்தை மேலதிகாரிக்குக் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று ராக்குவின் அப்பா காசிமாயன் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டால் கொசு பெருக்குமாக்கும் என்று ராக்கு சிரித்தாள். ஆனால் பட்டினிச் சட்டியைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் உண்ண இன்னொருவர் பார்த்திருக்கும் வழக்கமில்லை. வழி தவறி வந்த நாய்க்கும் ஒரு கவளம் உண்டு.

பிறகு எனக்கே குளிர்காய்ச்சல் கண்டது. சட்டிகளை ராக்குவிடம் ஒப்படைத்துப் படுத்தேன். ஏல வாசனையும் மூடுபனியும் கலந்த வெளியில் என் கட்டில் மெல்ல மிதந்து, மலையடிவாரத்துத் தேவாரம் ஊர் வயல்களைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. நாள் பல கழிந்து கண்விழித்தபோது அதிகாரி வந்திருந்தார்.

இரண்டு சட்டிக்கும் மேல் கட்டிய வலைக்கூண்டுகளில் ஒரே அளவுக் கொசுக்கள். பட்டினிச் சட்டிக்காரிகள் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வைத்த தண்ணீர்த் தட்டு முட்டைகளால் கறுத்துக் கிடந்தது. ஒன்றும் போடவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். சோதனையே பொய், நாளைக்கே கீழே இறங்கிவிடு என்றார் அதிகாரி. வேடிக்கை பார்த்த காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ராக்கு முன்னால் வந்தாள். ஆட்களுக்கான கஞ்சியில் கைவைத்தது தெரிந்தால் அவள் சோலி போய்விடும்; கங்காணி பக்கத்திலேயே நின்றார்.

"கஞ்சித்தெளிவு ஊத்துனது நாந்தேன் சாமி. பக்கத்துச் சட்டி திங்க, இது பாத்துக்கிட்டே கெடந்துச்சு. மொதல்ல பட்டினியில வந்ததுக எள்ளாட்டம் இருந்து அன்னிக்கே செத்துருச்சுக. கஞ்சி குடிச்சு வந்ததுகதேன் இதுக."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கூண்டருகே குனிந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். வாசல் வழியே மூடுபனி உள்ளே வந்தது. வலைக்குள் அந்தப் பருத்தவை ஒவ்வொன்றாக எழும்பி, வெண்மையில் தொங்கின.

ராக்கு என்னைப் பார்க்காமல் அவற்றையே பார்த்தாள்.

"சிரிச்சேன்ல, கொசுக்காரரே," என்றாள். "பெருத்தது நெசந்தேன்."