ஒரு வாரம் பொறுத்து வந்த வாளி

ருமேனியாவில் வாழும் எங்கள் ஹங்கேரியர் வழக்கப்படி, ஈஸ்டர் திங்களன்று ஆண்கள் வீடு வீடாக வந்து, ஒரு பாட்டைச் சொல்லி, பெண்கள் தலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். பதிலுக்கு நாங்கள் சாயம் ஏற்றிய முட்டை கொடுப்போம். தண்ணீர் படாத பெண் அந்த வருஷமே வாடிப்போவாளாம். இதையெல்லாம் நான் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் இந்த வருஷம் விடிந்ததும் நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, கூடை நிறைய முட்டையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஈ காக்கை வரவில்லை.

யார் வருவது? என் புருஷன் தெனெஷ் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் பையன்கள் எல்லாம் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறார்கள். தெருவில் மிச்சம் இருக்கும் ஆண்பிள்ளை பக்கத்து வீட்டு ஸிமியோன்தான். ருமேனியர், மனைவியை இழந்தவர், சரியான அழுத்தக்காரர். இருபது வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நான் என் மொழியில் பேசுவேன், அந்தப் பக்கம் அவர் தன் மொழியில் பதில் சொல்வார். இரண்டும் இருவருக்கும் நன்றாகவே தெரியும். இறங்கி வரத்தான் யாருக்கும் மனசில்லை. அவர்கள் சபைக்கு ஈஸ்டர் பெரும்பாலும் எங்களுக்குப் பிறகுதான் வரும். அன்று அவர், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ருமேனிய மொழியில் வாழ்த்துவார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சொல்வதுதான் மரியாதை. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அன்று இருட்டும்வரை காத்திருந்து, அழுதேன். இனி நான் ஒரு பெண் என்று நினைக்க ஊரில் ஆளே இல்லை என்று தோன்றியது. அந்தக் கோபத்தில் முட்டை அத்தனையையும் அந்த வாரமே தின்று தீர்த்தேன்.

அடுத்த திங்கள், பழைய கவுனோடு கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் முழுசாக என் தலையில் கொட்டியது. மூச்சே நின்றுவிட்டது. திரும்பினால் ஸிமியோன், கோயிலுக்குப் போட்ட கோட்டோடு.

துடைப்பத்தை எடுத்துத் துரத்தினேன். கோழிக்கூண்டைச் சுற்றி ஓடிக்கொண்டே, "அடிக்கறத அப்புறம் அடிங்க யோலான். பாட்டச் சொல்லிடறேன்" என்றார். ஹங்கேரிய மொழியில். நான் அப்படியே நின்றுவிட்டேன். மூச்சிரைக்கச் சொன்னார்:

"வேலி தாண்டி வந்தேன்,
வாளி கொண்டு வந்தேன்,
கோபக்காரச் செடிக்கும்
கொஞ்சம் தண்ணி வேணுமாம்."

"யாரு எழுதிக் குடுத்தா இந்த அழகான பாட்ட?"

"நானேதான்."

"தெரியுது. எங்க ஈஸ்டர் போன வாரமே முடிஞ்சுபோச்சு."

"போன வாரம் எங்களுக்கு நோன்பு. அதுல கூத்தடிக்கக் கூடாது. நேத்துதானே எங்களுக்கு ஈஸ்டர்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "நீங்க அன்னிக்குப் பூரா வாசல்ல உக்காந்திருந்தீங்க. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல."

துடைப்பத்தைக் கீழே போட்டேன். அவர் கையை நீட்டினார். "முட்டை?"

"தின்னுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். என்ன இப்போ?"

தண்ணீர் தெளித்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் எனக்கல்லவா அவமானம். அவர் சிரித்தபடி கோட்டுப் பையிலிருந்து, அவர்கள் பண்டிகைக்குச் சாயம் ஏற்றிய சிவப்பு முட்டை ஒன்றை எடுத்து என் ஈரக் கையில் வைத்தார். "இப்ப குடுங்க."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் தன் மொழியில், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார். சொல்லிவிட்டு, நான் உள்ளே போவதற்காக வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

நான் போகவில்லை. பல் கிடுகிடுக்க, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்றேன், அவர் மொழியில்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "இவ்வளவு நல்லா பேசுவீங்களா?"

"இன்னும் நெறைய பேசுவேன். உள்ள வாங்க, குளிருது" என்றேன். அதையும் ருமேனிய மொழியிலேயே சொன்னேன்.