கிரந்தி என்ற சொல்

தொடை இடுக்கில் சின்னச் சின்னதாய்ச் சிவந்த பருக்கள் கிளம்பியபோது சந்திரிகா யாரிடமும் காட்டவில்லை. காட்டுகிற இடமா அது? அடுத்த வீட்டு ஞானேஸ்வரியிடம் மட்டும், ஏதோ கையில் வந்தது மாதிரி, "உடம்புல பொரிப்பொரியா வருதுக்கா" என்றாள்.

"அது கிரந்தி, பிள்ளை," என்றாள் அந்த யாழ்ப்பாணத்துக்காரி.

மீதியைக் கேட்க இவள் நின்றால்தானே. ஞானேஸ்வரியின் ஊரில் கத்தரிக்காய் தின்று உடம்பு அரித்தாலும் கிரந்திதான். சந்திரிகா பிறந்த ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலோ அதற்கு ஒரே அர்த்தம்: கண்ட இடத்தில் படுத்து எழுந்தவன் பெண்டாட்டிக்குக் கொண்டுவரும் சீக்கு.

அவள் புருஷன் கணபதி கண்டிக்கும் கொழும்புக்கும் லொறி ஓட்டுகிறவன். போதாதா? அன்று அவன் சாப்பிட உட்கார்ந்ததும், மாமியார் பாலம்மா பக்கத்தில் இருக்கிறாளே என்றும் பாராமல், "எவகிட்ட வாங்கிட்டு வந்தீங்க இந்தக் கிரந்திய?" என்று கேட்டுவிட்டாள். கணபதி கையை உதறிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வாரம் அம்பிட்டியவில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சவரம் பண்ணினீங்களா?" என்று கேட்டார்.

சந்திரிகாவுக்குத் தலை நிமிரவில்லை. கணபதி வருகிற நாளாச்சே என்று, ஆசையாய், அவனுடைய பழைய பிளேடைத்தான் எடுத்திருந்தாள்.

"வெட்டின முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளருது. வியர்வை, இறுக்கமான உடுப்பு, அதுகளாலயும் வரும். அங்க வர்றதெல்லாம் கெட்ட நோய் இல்ல. கொஞ்ச நாளைக்கு பிளேடு வேணாம்."

நிம்மதி வரவேண்டிய இடத்தில் வெட்கம்தான் வந்தது. பஸ்ஸில் வழி நெடுக அது அவளைப் பிடுங்கித் தின்றது.

கணபதி வாசலில் உட்கார்ந்திருந்தான். "தப்பாச் சொல்லிட்டேங்க. பிளேடு பட்டதால வந்ததாம்," என்றாள்.

"நானும் போய் ரத்தம் சோதிச்சேன். ஒண்ணுமில்லையாம்."

"உங்களுக்குத்தான் தெரியுமே. பின்ன எதுக்கு?"

"எனக்குத் தெரியும். அம்மா என் தட்டைத் தனியா வச்சிருக்கே."

சந்திரிகா குசினிக்குள் அடுப்படிக்குப் போனாள். அடுத்த வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லக் கூசியதை இப்போது மாமியாரிடம் சொல்லியாக வேண்டும்.

"அத்தே, அவர் மேல தப்பில்ல. நான்தான் கீழ சவரம் பண்ணினேன். அதுல வந்தது."

பாலம்மா தனியாக வைத்திருந்த தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள்.

"நீ வெளியேயிருந்து வந்தவ, சந்தேகப்பட்டுட்ட," என்றாள். "பெத்தவ நானும் நம்பிட்டேனே. அவன் முகத்துல இனி எப்படி முழிப்பேன்?"