களவா மீனுக்கு ஒரு குளம்

சூலானின் புருஷன் வெய்ஷெங் மீன் பிடிக்கப் போன இடத்தில் தானே பிடிபட்டிருந்தான். பிடித்தது வியட்நாமின் ரோந்துப் படகு. பதிலுக்குச் சீனத்து ரோந்து அந்தப் பக்கத்து மீனவன் ஒருவனைப் பிடித்து வைத்துக்கொண்டது. கடலில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று இரண்டு அரசுக்கும் நன்றாகத் தெரியும். ஆளுக்கொரு இடத்தில் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டு பேரையும் விட்டுவிடலாம் என்று ஒருவழியாக முடிவாகி, கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் விருந்து. சீன எல்லை ஊரான டோங்சிங்கில் ஆற்றங்கரையோரம் இருக்கும் சூலானின் சாப்பாட்டுக்கடையிலேயே விருந்து என்றதும் அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நன்றாகச் சாப்பிட்டால் நல்லபடியாகக் கையெழுத்துப் போடுவார்கள் என்று நம்பினாள். பாவம், அவள் அதுவரை பசித்த மனிதர்களுக்குத்தான் சமைத்திருந்தாள்.

பெரிய களவா மீன் ஒன்றை இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு முழுசாக ஆவியில் வேகவைத்து, மேசை நடுவில் சுழலும் தட்டின்மேல் வைத்தாள். அந்த ஊர் வழக்கப்படி மீனின் தலை யாரைப் பார்க்கிறதோ அவர்தான் சபையில் பெரியவர். அவர் ஒரு கிண்ணம் சாராயம் குடித்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பாட்டுக் குச்சியைத் தொடலாம். தலையை வியட்நாம் அதிகாரி தோவான் பக்கம் திருப்பி வைத்தாள்.

தோவான் சிரித்துக்கொண்டே தட்டைச் சுழற்றி, எதிரே இருந்த சீன அதிகாரி பெய்யின் பக்கம் தலையைக் கொண்டுபோனார்.

"நீங்க மூத்தவரு, அண்ணே. நீங்க குடிங்க."

பெய் மறுபடி சுழற்றினார். "வீட்டுக்கு வந்தவங்களுக்குத்தான் முதல் மரியாதை, தம்பி."

தோவானின் முகம் சுருங்கியது. "தம்பியா? யாரு முடிவு பண்ணது?"

"நீங்கதானே அண்ணேன்னீங்க."

"உங்க வயசுக்குச் சொன்னேன். உங்க நாட்டுக்குச் சொல்லலை."

தட்டு இன்னும் ஒரு சுற்று சுற்றியது. உயிரோடு இருந்தபோதுகூட அந்த மீன் இவ்வளவு தூரம் போயிருக்காது. அதை உற்றுப் பார்த்த தோவானுக்குப் புதிதாக ஒன்று தோன்றியது.

"இது எங்க பிடிச்ச மீன்?"

"நம்ம கடல்ல," என்றார் பெய்.

"நம்மன்னா?"

"நம்மன்னா எங்க கடல்."

"அப்ப இதை நான் தின்னா, அது உங்க கடல்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"தின்னலைன்னா எங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

இரண்டு பக்கத்து உதவியாளர்களும் மேலிடத்தைக் கேட்க ஃபோனோடு வெளியே போனார்கள். மேலிடம் அதற்கு மேலிடத்தைக் கேட்கப் போனது. மீன் ஆறியது. தோவான் உடன்படிக்கையை எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

சூலான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அந்த மீன் பிடிபட்ட இடம் அவளுக்குத் தெரியும். வெய்ஷெங் பிடிபட்ட அதே இடத்தில் காலையில் அவள் கொழுந்தன் வலை வீசிக் கொண்டுவந்தது. உண்மையைச் சொன்னால் புருஷன் வரமாட்டான், கொழுந்தனும் சேர்ந்து போவான்.

"ஐயா, அது கடல் மீனே இல்லை," என்றாள். "எங்க வீட்டுக்குப் பின்னாடி குளத்துல வளர்த்தது."

சீனத்தில் ஒரு தரம், வியட்நாமியத்தில் ஒரு தரம் சொன்னாள். எல்லை ஊர்க்காரர்களுக்கு இரண்டு மொழியிலும் பொய் சரளமாக வரும்.

"களவா குளத்துல வளருமா?" என்றார் தோவான்.

"உப்புத்தண்ணி விட்டு வளர்க்கிறோம், ஐயா."

இரண்டு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே நேரத்தில் கிண்ணத்தைத் தூக்கினார்கள், குடித்தார்கள், மீனை முள்வரை உறிஞ்சினார்கள். கையெழுத்தும் ஆனது. நாலாவது கிண்ணத்தில் பெய்க்குக் கண் கலங்கியது.

"எல்லையே இல்லாத மீன்! அந்தக் குளத்துக்கு நட்புக் குளம்னு பேர் வைப்போம்."

"ரெண்டு நாடும் சேர்ந்து வளர்ப்போம்," என்றார் தோவான். "அடுத்த மாசம் பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து பாக்குறோம், அக்கா."

உடன்படிக்கையில் உடனே ஒரு பத்தி சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்ட இரண்டு அரசும் இல்லாத குளத்தை மட்டும் சண்டையில்லாமல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன.

மறுநாள் வெய்ஷெங் எல்லைப் பாலத்தைத் தாண்டி நடந்து வந்தான். சூலான் நடுத்தெருவில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"படகு எங்கே?" என்றாள் கடைசியில்.

"அதை நட்போட பேசித் தீர்ப்பாங்களாம். நமக்குத்தான் குளம் இருக்கே, அவசரமில்லைன்னு சொன்னாங்க. என்ன குளம்?"

அவள் முதலில் அவனுக்குக் கஞ்சி கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். பிறகு மண்வெட்டியைக் கொடுத்தாள்.

பிறந்ததிலிருந்து கடலைத் தவிர வேறெதையும் அறியாதவன் கொல்லையில் இடுப்பளவு பள்ளத்தில் நின்று வெட்டினான். ஊர் உலகத்தில் இருக்கிற எல்லா அதிகாரிகளையும் திட்டிக்கொண்டே வெட்டினான். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு லியாவ் எட்டிப் பார்த்தார்.

"வெய்ஷெங், ஒரு முழம் என் பக்கம் வந்துட்டே."

"கோடு இங்கதானே இருக்கு?"

"எங்கப்பா காலத்துல இருந்தே அது அங்க இருக்கு."

வெய்ஷெங் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"சூலான்," என்றான், "இன்னொரு மீனை வேகவை."