மூன்று ஊர்களில் ஒரு வீட்டுக்காரர்

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், அந்த மனிதர் வெளிநாடு ஒன்றின் மூன்று ஊர்களில், மூன்று வாடகை வீடுகளில், ஒரே காலையில் கண்விழித்தார். கூடப் போன மனைவி ஒரு வீட்டில்தான் கண்விழித்தார். மற்ற இரண்டு வீடுகளிலும் அந்த மனிதர் கட்டிலின் மறுபக்கத்தைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டு, காபி போட எழுந்து போயிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். காபி வரப்போவதில்லை என்று அவருக்கு உறைக்க மத்தியானம் ஆயிற்று.

இதற்கு அவருடைய தொழில் பழக்கம்தான் காரணம். வேறு யார்மீதும் பழி போட முடியாது. பழுது பார்த்த லிஃப்டை ஒரே ஒரு மாடிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டுகிற ஆள் இல்லை அவர். எல்லா மாடிப் பட்டன்களையும் சேர்த்து அழுத்திவிட்டு, உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு மாடியிலும் அது நின்று, கதவு திறந்து, மூடி, நகர்வதைக் காதால் கேட்டு முடித்த பிறகுதான் ஸ்பானரைப் பைக்குள் போடுவார். ஓய்வுக்காலத்தை எந்த ஊரில் கழிப்பது என்ற கேள்வி வந்தபோதும் அதையேதான் செய்தார். வெளிநாட்டில் குடியேறிய ஓய்வூதியக்காரர்கள் எழுதித் தள்ளியதையெல்லாம் கைபேசியில் படித்துப் படித்து அவருக்கு மண்டை காய்ந்து போயிருந்தது. கடலோர ஊரில் காற்று நன்றாயிருக்குமாம், ஆனால் சாமான் எல்லாம் துருப்பிடிக்குமாம். மலை ஊரில் வாடகை மலிவாம், முழங்காலுக்குத்தான் ஆகாதாம். ஆற்றங்கரை ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம், அதற்குத் தகுந்தாற்போல் கொசுவும் இருக்கிறதாம். கடைசியில் மூன்று ஊர் வீட்டுத் தரகர்களிடமும் சரி என்று சொல்லிவிட்டார். “எல்லாத்தையும் அழுத்திப் பாத்தாத்தான் தெரியும்” என்று மனைவியிடம் விளக்கமும் சொன்னார். உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும் என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். தலைமை டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை அவரை ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்த செய்தியும் செத்த செய்தியும் அவர் காது வழியாகத்தான் போகும். ஓய்வுக்காலத்திடம் அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று: வீட்டுக்காரர் வேண்டும், மிச்சம் மீதி இல்லாமல் வேண்டும். கல்யாணமான நாள் முதலாக, இருவரும் தட்டின்முன் உட்கார்ந்தால் போதும், ஊரில் எங்கேயோ யாரோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். இவர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு ஓடுவார். ஆபரேட்டரம்மா சொல்ல ஆரம்பித்த எந்தக் கதையும் முடிவு வரை போனதில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் உண்டு. மாட்டிக்கொண்டவர்கள் மேல் கோபப்பட முடியாதே என்று அதையும் அடக்கிக்கொண்டே வாழ்ந்துவிட்டார்.

விமானம் மாற வேண்டிய நிலையத்தில்தான் அது நடந்தது. ஆபரேட்டரம்மா முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, வீட்டுக்காரர் மூன்று வாசல்களின் வரிசைகளிலும் நின்றுகொண்டிருந்தார். அம்மாளின் மூக்குக் கண்ணாடி பைக்குள் இருந்தது, களைப்பும் இருந்தது; மற்ற இரண்டு பேரும் கண்ணில் படவில்லை. பக்கத்தில் நின்ற வரிசைக்குப் போய், பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வரிசை கடலோர ஊருக்குப் போகிற வரிசை. அவர் கடலோர ஊருக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவு யோசனையின் பேரில்தான்.

விஷயத்தை உடைத்தது மகள். வேறொரு தேசத்தில் குடும்பமாக இருந்த மகள், மூன்று வீட்டிலும் அவர் கண்விழித்த அன்று மாலை கூப்பிட்டு, “அம்மா, அப்பா ஏன் இப்படிக் கத்துறாரு? மலையில குளிரு தாங்கலையாம், ஹீட்டர் வேலை செய்யலையாம், உன்னையும் காணோமாம்” என்றாள். ஆபரேட்டரம்மா எதிரே பார்த்தார். “உங்கப்பா என் எதிர்லதான்டி உக்காந்து மீன் சாப்பிட்டுட்டிருக்காரு. மூணாவது துண்டு.” மகள், “இன்னொரு கால் வருதும்மா. அப்பாதான். பின்னால ஆத்துச் சத்தம் கேக்குது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குடியேற்ற அலுவலகத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. வந்து தங்குகிற ஆள் தன் விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது, ஒரு விலாசத்தில் மட்டும்தான் தங்க வேண்டும் என்று இல்லை என்று அதிகாரி புத்தகத்தைப் புரட்டிச் சொன்னார். நடைமுறையில்தான் எல்லாம் குழம்பிப் போயிற்று. மலை ஊர்க்காரர் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால், கடலோர ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் தலைமுடி ஆபரேட்டரம்மாவின் கண்ணெதிரில் குட்டையாகிக்கொண்டே போகும். ரத்த அழுத்த மாத்திரையை மூவரும் ஆளுக்கொன்று போட்டுக்கொண்ட அன்று, மூன்று ஊர்களிலும் அவர் ஒரே நேரத்தில் மயங்கி நாற்காலியில் சாய்ந்தார். அதன் பிறகு மாத்திரை ஆற்றங்கரைக்காரர் பொறுப்பு என்று முடிவாயிற்று. கடலோர ஊரில் பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர், இவரும் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்தான், வேலியோரம் நின்று ஆறுதல் சொன்னார். “உங்களுக்காவது மூணு இருக்காரும்மா. எனக்கு வந்த நாள்ல இருந்து நானே கிடைக்கல.” அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அவருக்கு ஒன்று புரிந்தது. உடம்பு மூன்று இடத்திலும் முழுதாகத்தான் இருந்தது. ஆள்தான் பங்காகப் பிரிந்திருந்தார். கடலோர ஊரில் இருந்தவரிடம் பசி முழுவதும் இருந்தது, வேறொன்றும் அதிகம் இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், சொன்னதற்குத் தலையாட்டினார். திரைச்சீலைக்கு எந்த நிறம் என்றாலும் நல்ல நிறம் என்றார். கடைக்குப் போகலாமா என்றால் போகலாம், வேண்டாமா என்றால் வேண்டாம். ஒருநாள் மகளின் கல்யாணத்தில் சாமியானா பந்தல் சரிந்து விழுந்த கதையை ஆபரேட்டரம்மா எடுத்தபோது, அவர் ரொட்டியை மென்றுகொண்டே, “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். ஆபரேட்டரம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் புருஷன்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் பக்கத்தில் படுக்கும்போது, யார் வீட்டிலோ விருந்துக்கு வந்து தங்கியதுபோல் ஒரு கூச்சம் வர ஆரம்பித்திருந்தது.

தொழில் தெரிந்தவர் ஆகையால், ஒருநாள் ஆபரேட்டரம்மா மூன்று பேரையும் போனில் ஒரே இணைப்பில் சேர்த்தார். “மூணு பேரும் கேட்டுக்கங்க. ஏதாவது ஒரு ஊரை முடிவு பண்ணுங்க. மத்த ரெண்டு பேரும் அங்க வந்துடுங்க. எனக்கு இது சரிப்படல.”

“நீ சொன்னா சரிதான்” என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர், போனிலும் நேரிலுமாக.

“அதெப்படி எடுத்தேன் கவுத்தேன்னு முடிவு பண்றது? மழையில எப்படி இருக்கு, வெயில்ல எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா? உனக்கு எதுலதான் அவசரம் இல்ல?” என்று மலையிலிருந்து சத்தம் வந்தது.

ஆற்றங்கரையிலிருந்து ஒரு தூக்கக் குரல், “நம்ம முதல் வீட்டு மாடிப்படி ஞாபகமிருக்கா? நடுப்படி ஆடும். நீ அதுல உக்காந்துதான் பூண்டு உரிப்ப” என்று தொடங்கி, அப்படியே குறட்டையில் போய் முடிந்தது.

அந்தப் படியை அவர்கள் இருவரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் பேசிக்கொண்டிருப்பவர்களின் இணைப்பை ஆபரேட்டரம்மா ஒருபோதும் பாதியில் துண்டித்ததில்லை. அன்றைக்குத் துண்டித்தார். மறுநாள் பசிக்காரருக்கு வேண்டியதைச் சமைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லும் பங்கு அவரிடம் இல்லை.

மலை ஊரில் வாசலிலேயே சண்டை தொடங்கிற்று. ஏன் இவ்வளவு பெரிய பெட்டி, ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை, ஏன் அந்தச் செருப்பு. சும்மா சொல்லக் கூடாது, முதல் இரண்டு நாள் ஆபரேட்டரம்மாவுக்கு அது தேனாக இருந்தது. பதிலுக்குப் பதில் கொடுத்து முகமே தெளிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதே தெரியாமல் சண்டை போடுகிறார் என்று. சமாதானமாகவும் அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இதற்கு முன் எப்படிச் சமாதானமானோம் என்பது அவருக்கு நினைவில்லை. நினைவெல்லாம் ஆற்றங்கரையில் இருந்தது. ஆபரேட்டரம்மா அங்கே போகிற ரயிலில் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் இன்னொரு குழப்பம். அங்கே இருப்பவர் எல்லாவற்றையும் நினைவு வைத்திருப்பார். ஆனால் தட்டில் போட்டதைச் சாப்பிட மாட்டார், மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார், தூங்குவார். எந்த ஊர்க்காரரைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற இரண்டு பங்கும் இல்லாமல் சாகும்வரை இருக்க வேண்டும். டிக்கெட் பரிசோதகர் வந்து எந்த ஊர் என்று கேட்டபோது, தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னார்.

ரயில் மாற வேண்டிய சந்திப்பு ஊர் ஒன்று நடுவில் வந்தது. ஓய்வூதியக்காரர்கள் எழுதிய எந்தக் கட்டுரையிலும் அந்த ஊர் இல்லை. கடல் இல்லை, மலை இல்லை, ஆறு என்று சொல்லும்படி ஒரு சாக்கடை கூட இல்லை. நிலையத்துக்கு எதிரே மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஆபரேட்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அங்கே சங்கு ஊதி வேலை முடிந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே வாசலில், ஒரே நேரத்தில், அவருக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். சிரிப்பும் புகாரும் கடன் கேட்பதும் திட்டுவதுமாக அந்தச் சத்தம் வந்து அவர் இரண்டு காதிலும் விழுந்தது. அப்போதுதான், வெளிநாட்டுக்கு வந்த நாளிலிருந்து தன்னை வாட்டியது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. எல்லோரும் அமைதி, அமைதி என்று சொல்லி அவரை அழைத்து வந்திருந்தார்கள். அவருக்கு அமைதி பிடிக்கவில்லை. அடுத்த ரயில் வந்தது, போனது. தொழிற்சாலைக்கு எதிரே, நூலும் பொத்தானும் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை வாடகைக்கு இருந்தது. ஆபரேட்டரம்மா கையால் பேசியே அதைப் பிடித்துவிட்டார்.

மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரே செய்தியைச் சொன்னார். “நான் இந்த ஊர்ல இருக்கேன். எனக்குப் பிடிச்சிருக்கு. வர்றதா இருந்தா வாங்க.” கெஞ்சவில்லை. கெஞ்சாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலில் வந்தவர் மலைக்காரர். இந்தச் சத்தத்தில் மனுஷன் குடியிருப்பானா என்று படியேறும்போதே கேட்டுக்கொண்டு வந்தார், ஆனால் வந்தார். அந்த வாரக் கடைசியில் கடலோரக்காரர் வந்தார், ஃப்ரிட்ஜ் காலியாகிவிட்டதாம். அவர் பாட்டுக்கு வந்து மேசையருகே உட்கார்ந்துகொண்டார். ஆற்றங்கரைக்காரர் மட்டும் வரவில்லை. புறப்பட்டுவிட்டேன் என்று போன் வந்ததோடு சரி. நாள் போய்க்கொண்டே இருந்தது. ஆபரேட்டரம்மா ஒவ்வொரு ரயிலுக்கும் சன்னலுக்கு ஓடினார். வீட்டில் ஒருவர் சாப்பிட, ஒருவர் சண்டை போட, தன்னைத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாமல் ஆகிவிடுமோ என்று பயந்தார். கடைசியில் அந்த மனிதர் மழையில் நனைந்து, எதிர்த்திசை ரயிலில் வந்து இறங்கினார். தூங்கிப்போய்க் கடைசி நிலையம் வரை போய்விட்டாராம். திரும்பும்போது மறுபடி தூங்கிவிட்டாராம்.

அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாற்காலி ஒன்றுதான் இருந்ததால் ஒருவர் பெட்டிமேலும் ஒருவர் சன்னல் விளிம்பிலும் உட்கார்ந்தார்கள். ஆபரேட்டரம்மா பரிமாறினார். ஒருவர் சாப்பிட்டார், மூவருக்கும் வயிறு நிறைந்தது. உப்பு அதிகம் என்று ஒருவர் ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் உப்பே போடாமல் சமைத்தவள்தானே என்று இன்னொருவர் ஞாபகப்படுத்த, மூவரும் ஒரே சிரிப்பாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஆபரேட்டரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“சரி, இந்த ஊரை ஏன் புடிச்ச? அதைச் சொல்லு முதல்ல” என்று கேட்டது மலைக்காரர்தான், ஆனால் மூன்று முகங்களும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. ஆபரேட்டரம்மா சொல்ல ஆரம்பித்தார். சங்கு ஊதியதில் தொடங்கி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே இரவுப் பணியில் கேட்ட குரல்களுக்குப் போய், எப்போதோ பாதியில் விட்ட கதைகளுக்கெல்லாம் போய் வந்தார். நடுவில் போன் அடிக்கவில்லை. எங்கேயும் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை, பெட்டியிலிருந்தும் சரி, சன்னலிலிருந்தும் சரி, நாற்காலியிலிருந்தும் சரி. பேசி முடித்தபோது ஆபரேட்டரம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. ஏன் என்று கேட்கவும் ஆள் இருந்தது, கேட்க வேண்டாம் என்று சாப்பிட்டுக்கொண்டிருக்கவும் ஆள் இருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஆபரேட்டரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் என்று ஒருமையில்தான் சொல்கிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலை கணவன் மனைவி இரண்டு பேருமாகக் கடைத்தெருவுக்குப் போய், பேரம் பேசி, நான்கு தலையணை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.